பெரட்டுத் தப்பு கேட்காத காலை

"சேர், எம்மவன் ஏ.எல். நல்லாத்தானே செஞ்சான். கெம்பஸ் போயி ரெண்டு வருசத்துல மூணு பாடம் ரிப்பீட்டு. கேட்டா அழுவுறான். சோம்பேறியாயிட்டானா, இல்ல ஏதும் காத்துக் கருப்பு பட்டுருச்சா?"

பக்கத்து லயத்து அக்கா இதைக் கேட்டபோது எங்கள் இஸ்தோப்பில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஹட்டனுக்கு மேலே ஜூன் மாதத்தில் வேறென்ன அடிக்கும்? இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்து, சீனியைத் தனியே கையில் வைத்து, உட்காரச் சொன்னேன். மகனை மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டார். ஏ.டி.எச்.டி., கூடவே பதற்ற நோய் என்று சொல்லியிருக்கிறார். அந்த நாலு எழுத்தும் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பொருள்தான் இன்னும் வழியில் நிற்கிறது.

"அத அப்புறம் சொல்றேன் அக்கா. காலையில உங்கள யாரு எழுப்புறாங்க, முதல்ல அதச் சொல்லுங்க."

அக்கா சிரித்தார். அவருடைய அம்மாச்சி காலத்தில் விடியுமுன், ஆட்களை வேலைக்குக் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடிப்பார்களாம். இப்போது தப்பு இல்லை. ஆனால் பெரட்டு இருக்கிறது, நேரம் தவறினால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. மலைக்குப் போனால் எந்த நிரை என்று கங்காணி காட்டுகிறார். கொழுந்து நிறுக்கிற நேரம் வந்ததும் எத்தனை கிலோ என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. மாலையில் செக்ரோலில் பேர் ஏறுகிறது. எப்போது தொடங்குவது, எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு முடிந்தது, எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் அவர் தலைக்குள் வைத்துச் சுமக்க வேண்டியதில்லை. தோட்டமே வெளியில் நின்று சுமக்கிறது.

மகனுக்கும் அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூட மணி, நாலு மணிக்கு எழுப்பித் தேத்தண்ணி கொடுத்த அம்மா, சனிக்கிழமை டவுனில் டியூசன் மாஸ்டர், கொப்பியைக் காட்டு என்று கேட்ட டீச்சர். பிறகு ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெம்பஸ் போனான். அங்கே ஒரு செமஸ்டர் 15 வாரம். இடையில் யாரும் எழுப்புவதில்லை, நிரை காட்டுவதில்லை, நிறுப்பதும் இல்லை. கடைசியில் ஒரே நாளில் மொத்தக் கூடையையும் தராசில் வைக்கச் சொல்கிறார்கள். போதாததற்கு, தமிழில் படித்த பிள்ளைக்குப் பாடம் ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சு சிங்களத்தில்.

இந்த மாற்றம் எல்லாப் பிள்ளைகளையும் ஆட்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையைத் தள்ளியே விடும். அவனுக்குக் குறைவு அறிவில் இல்லை, அந்த நான்கையும் உள்ளுக்குள்ளிருந்து நடத்துகிற மூளை வேலையில்தான். தொடங்குவது, வரிசைப்படுத்துவது, நேரத்தை உணர்வது, சொன்னதை ஐந்து நிமிடம் மனதில் பிடித்து வைப்பது, இடையில் வந்த ஆசையை அடக்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். பள்ளிக்காலத்தில் அதை வெளியாட்கள் செய்து கொடுத்ததால் குறை தெரியவில்லை. அதனால்தான் ஏ.எல். வரை நன்றாக வந்தவன் திடீரென்று விழுந்ததுபோலத் தோன்றுகிறது.

"ஆனா போன கையில எடுத்தா மூணு மணித்தியாலம் கண்ண எடுக்கமாட்டானே! அதுக்கு மட்டும் கவனம் எங்கருந்து வருது?"

நல்ல கேள்வி. பெயரே நம்மை ஏமாற்றுகிறது. 'கவனக்குறைவு' என்று தமிழில் எழுதுகிறோம். உண்மையில் கவனம் இருக்கிறது, அதைத் திருப்புகிற சுக்கான்தான் தளர்ந்திருக்கிறது. பிடித்தது, புதியது, இப்போதே பலன் தருவது என்றால் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும். முக்கியமானதுதான், ஆனால் பலன் மூன்று மாதம் கழித்து என்றால் ஒட்டாது. விளையாட்டில் ஒவ்வொரு நொடியும் நிறுவை நடக்கிறது, பாடப்புத்தகத்தில் நடப்பதில்லை.

கைப்போனால் வந்த வியாதி என்பாரும் உண்டு. அலெக்சாண்டர் கிரிக்டன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர், கவனம் நிலைகொள்ளாத மனிதர்களைப் பற்றி எழுதியது 1798இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதற்கு 69 வருடம் முன்பு! 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இலண்டனில் இதே தன்மையுள்ள பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். இன்றைய பெயர் 1987இல் வந்தது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இருக்கும். பெரியவர்களில் ஏறத்தாழ இரண்டு மூன்று பேர். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இதைச் சொன்னதும் அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவுங்கப்பாவும் அப்புடித்தான் சேர். மரக்கறித் தோட்டம் போடுவாரு, பாதியில உட்டுட்டுக் கோழிக்கூடு கட்டுவாரு, அதும் பாதியில நிக்கும்."

அப்பாவுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாற்பது வருடமாக வீட்டில் திட்டு வாங்கிய ஒரு குணத்தை அக்கா முதல்முறையாகத் திட்டாமல் யோசித்துப் பார்த்தார்.

இனி பதற்றம். ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு பதற்ற நோயும் சேர்ந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் பேச்சில் கவலைக்கு 'யோசனை' என்றுதான் பெயர். "ரொம்ப யோசிக்கிறான்" என்கிறோம். ஏ.டி.எச்.டி.யும் பதற்றமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். அசைன்மென்டைத் தொடங்க முடியவில்லை. நாள் போகப் போக அதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. புத்தகத்தை மூடி வைத்தால் படபடப்பு உடனே இறங்குகிறது. அந்த நிம்மதிதான் பொறி: மூடி வைத்தால் சுகம் என்று மூளை படித்துக்கொள்கிறது, அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் மூடுகிறது. கடைசி இரவில் பயம் உச்சத்துக்கு ஏறி, அந்தப் பயமே தள்ளிவிட்டு, விடிய விடிய எழுதி முடிக்கிறான். 'பயந்தால்தான் வேலை நடக்கும்' என்ற இன்னொரு பாடத்தையும் சேர்த்துப் படிக்கிறான். பயத்தை எரித்தே வண்டி ஓட்டினால் எஞ்சின் என்னாகும்?

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் தெரியாமல் கெடுக்கிறோம். "உன்ன நம்பித்தானே கொழுந்து கிள்ளுறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். சொல்வது உண்மைதான், சொல்பவரின் கை வெடிப்பும் உண்மைதான். ஆனால் அவனுக்கு அது பொறுப்பாகப் போய்ச் சேர்வதில்லை, படபடப்பாகச் சேர்கிறது. படபடப்பு கூடினால் தொடங்குவது இன்னும் தள்ளிப்போகும்.

இரண்டில் எது எது என்று பிரித்தறிவதும் மருத்துவர் வேலைதான். பதற்றம் மட்டும் இருந்தாலும் கவனம் சிதறும். தூக்கமின்மை, மனச்சோர்வு, தைரொயிட் கோளாறு போன்றவையும் ஏ.டி.எச்.டி. போல வேடம் போடும். அதனால் மனநல மருத்துவர் சிறுவயதுக் கதையைக் கேட்பார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பது 2013 முதல் நடப்பிலுள்ள அளவுகோல். பழைய பள்ளி அறிக்கைகள், 'கவனம் போதாது' என்று டீச்சர் எழுதிய கொப்பி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெண்பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஓடியாடாமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாகத் தொலைந்துபோகிற பிள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் கிளினிக்குக்குக் கூடப் போகிற நாளில் அக்காவுக்குப் பேர் போகும். அதைவிடப் பெரிய தடை 'அங்கொடை' என்ற சொல். நம் ஊரில் அது மனநல ஆஸ்பத்திரியின் பெயராக இல்லாமல் ஏச்சாகிவிட்டது. மனநல கிளினிக்குக்குப் போவதும் பிரஷர் கிளினிக்குக்குப் போவதும் ஒன்றுதான் என்று வீட்டில் ஒருவராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். கோயிலில் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டியதில்லை. கயிறும் கட்டலாம், கிளினிக்கும் போகலாம். கயிறு கட்டியாயிற்று என்று கிளினிக்கை நிறுத்துவதுதான் கூடாது.

"மாத்திர குடுத்து மயக்கியே வச்சிருவாங்களோ?"

பெரும்பாலும் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட் மயக்குகிற மருந்து அல்ல, தூண்டுகிற மருந்து. 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் அதைத் தயாரித்தார். தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டலின் ஆயிற்று. மூளையில் டோபமைன், நோர்அட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள் சற்றுக் கூடுதலாக நிற்க வழிசெய்கிறது. பசி குறையலாம், தூக்கம் கெடலாம், நெஞ்சுத்துடிப்பு கூடலாம். சிலருக்குப் பதற்றமும் ஏறலாம். அப்போது மருத்துவர் அளவை மாற்றுவார், அல்லது வேறு வகை மருந்துக்கு மாறுவார். பதற்றத்துக்கு மருந்தும் உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. ஒன்றுமட்டும் உறுதி: பரீட்சைக்கு முதல்நாள் ரூம் நண்பனுக்கு ஒன்று கொடுப்பது, நண்பனிடம் ஒன்று வாங்குவது இரண்டும் ஆபத்து.

தேத்தண்ணியையும் சொல்லிவிட வேண்டும், அதைக் குடித்துக்கொண்டே பேசுவதால். ஒரு கோப்பையில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, தப்பில்லை. விடிய விடிய எட்டுக் கோப்பை என்றால் கை நடுங்கும், தூக்கம் போகும், மறுநாள் கவனம் இன்னும் சிதறும். நம் மலையில் விளைந்தாலும் அது மருந்தாகாது.

"சரி சேர், நான் இங்கருந்து என்னதான் செய்ய?"

தோட்டம் உங்களுக்குச் செய்வதில் நல்ல பாதியை அவனுக்குச் செய்யுங்கள் என்றேன். பெரட்டு வேண்டும், கங்காணி வேண்டாம். கங்காணியின் வேலை நேரம் சொல்வதோடு நிற்பதில்லை, ஏச்சும் அதோடு சேர்ந்து வரும். நேரம் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தொடக்கம். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிட அழைப்பு. "படிச்சியா?" என்பது விசாரணை. இல்லை என்றால் வெட்கம், ஆம் என்றால் பொய். அதற்குப் பதில், "இன்னைக்கு எதுலருந்து தொடங்கப் போற?" என்று கேளுங்கள். பதில் சின்னதாக இருக்கட்டும். 'அசைன்மென்ட் எழுதணும்' என்பது மலை. 'கொப்பியைத் திறந்து தலைப்பு எழுதணும்' என்பது ஒரு செடி.

இரண்டாவது, நிரை. தனியாக ஒரு மலையில் விட்டால் யாருக்கும் கை ஓடாது. நிரை பிடித்துப் பக்கத்தில் நான்கு பேர் நின்றால் ஓடும். அவனும் அறையில் தனியாகக் கிடக்காமல் நூலகத்தில் ஒரு நண்பனுக்குப் பக்கத்தில் இருந்து படிக்கட்டும். நண்பன் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

மூன்றாவது, நிறுவை. 15 வாரத்தை வாரவாரம் நிறுக்க வேண்டும். சுவரில் பெரிய காகிதத்தில் எல்லாத் தேதிகளும், போனில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அலாரம். செலவுக்காசையும் மாதத்துக்கு ஒருமுறை அனுப்பாமல் வாரத்துக்குப் பிரித்து அனுப்புங்கள். மாதக்காசு முதல் வாரத்திலேயே கரைவதும் இதே குணத்தின் இன்னொரு முகம்.

நான்காவது, கெம்பஸில் சொல்வது. மாணவர் ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் இருப்பார், சுகாதார நிலையமும் இருக்கும். பல பீடங்களில் 80 சதவீத வருகை கேட்பார்கள். மருத்துவச் சான்றிதழ் தருவதற்கும் கெடு உண்டு. விழுந்த பிறகு போனால் கேட்பது மன்னிப்பு, முன்பே போனால் கேட்பது ஏற்பாடு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதை மறுக்கக்கூடாது என்கிறது. இயலாமை உடையோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. பரீட்சையில் மேலதிக நேரமோ தனி இடமோ கிடைக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. 18 தாண்டிய பிள்ளை, நாம் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது.

கடைசியாக ஒன்றைக் குரலை இறக்கித்தான் சொன்னேன். சாப்பிடாமல், தூங்காமல், அழைப்பை எடுக்காமல் நாள்கணக்கில் இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்று பேசினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், அம்புலன்சுக்கு 1990. 'சாகணும்போல இருக்கா?' என்று நேரே கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் வராது. ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும்.

மழை விட்டிருந்தது. அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். சற்று நேரத்தில் அங்கிருந்து அவர் குரல் கேட்டது.

"தம்பி, இன்னைக்கு எதுலருந்து தொடங்கப் போற?"

பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி, ஏசாமல், அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.