தந்தை தந்த ஆசனமும் மக்கள் எழுதிய பெயரும்

தந்தை வகித்த பதவியை மகள் அடைவது உலக அரசியலில் புதுமையன்று. ஆயினும், தந்தையே அதிகாரியாக அமர்ந்து தம் ஆசனத்துக்கு மகளை நியமித்த விந்தை, ஐக்கிய அமெரிக்காவின் வடகோடி மாநிலமாகிய அலாஸ்காவில் 2002ஆம் ஆண்டு நிகழ்ந்தது. குடியரசுக் கட்சியினரான பிராங்க் மேர்க்கௌஸ்கி 1981 முதல் செனற் சபையில் அங்கம் வகித்து வந்தவர். மாநிலக் கவர்னராகத் தெரிவானதும் அவர் அந்த ஆசனத்தைத் துறந்தார். வெற்றிடத்தை நிரப்பும் அதிகாரம் அந்நாளில் கவர்னரிடமே இருந்தது. புதிய கவர்னர் தெரிந்தெடுத்தவர் தம் மகள் லீசா மேர்க்கௌஸ்கி!

லீசா அம்மையார் 1957 இல் கெற்சிக்கன் என்னும் ஊரிற் பிறந்தவர். அலாஸ்கா அப்போது ஒரு மாநிலமாகவே இருக்கவில்லை. 1959 இலேதான் அந்த நிலையை எய்தியது. சட்டம் பயின்று வழக்கறிஞராகத் தொழில் புரிந்த அம்மையார், 1999 முதல் மாநிலச் சட்டசபையிற் பணியாற்றி, சகாக்களின் நன்மதிப்பையும் பெற்றிருந்தார். ஆகவே தகுதியற்றவர் என்று அவரைத் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும் பொதுப்பதவி குடும்பச் சொத்தன்று என்று அலாஸ்கா மக்கள் சினந்ததை நாம் குறைகூற மாட்டோம். கவர்னரின் நியமன அதிகாரத்தையே அவர்கள் 2004 இல் நேரடி வாக்கெடுப்பின் மூலம் நீக்கிவிட்டனர். அதே தேர்தலில் லீசா அம்மையாரோ, முன்னாட் கவர்னர் ரோனி நோல்ஸைச் சிறிய வித்தியாசத்தில் வென்று ஆசனத்தைக் காத்துக்கொண்டார். தந்தைக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 2006 இல் நடந்த கட்சியின் உட்தேர்தலில் சாரா பேலின் அம்மையார் முதலிடம் பெற, பதவியிலிருந்த கவர்னர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

மகளுக்குச் சோதனை வந்தது 2010 இல். கட்சியின் உட்தேர்தலில் ஜோ மில்லர் என்னும் வழக்கறிஞர், ஏறக்குறைய 2,000 வாக்குகளால் அவரைத் தோற்கடித்தார். வாக்குச்சீட்டில் இனி அவர் பெயர் அச்சிடப்படாது. ஆனால் அமெரிக்கத் தேர்தல்களில் ஒரு வழக்கம் உண்டு: சீட்டின் அடியில் வெற்றுக்கோடு ஒன்று விடப்பட்டிருக்கும், தாம் விரும்பும் ஒருவர் பெயரை வாக்காளர் தம் கைப்பட அதில் எழுதலாம். இவ்வழியில் 1954 இல் செனற் ஆசனத்தை வென்றவர் தென் கரோலைனாவின் ஸ்ரோம் தேர்மண்ட். அம்மையார் அந்த வழியிலேயே துணிந்து இறங்கினார்.

இங்கேதான் குடும்பப் பெயர் புதியதொரு தொல்லையாயிற்று. 'மேர்க்கௌஸ்கி' என்பது போலந்து மரபில் வந்த பெயர். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துக்கள். உச்சரிப்பவர்கூட எழுதும்போது தடுமாறுவர். ஆகவே பெயரை எழுத்துக்கூட்டக் கற்பிப்பதே பிரசாரமாயிற்று! தொலைக்காட்சி விளம்பரங்கள் எழுத்து எழுத்தாகப் பாடம் சொல்லின. பெயர் பொறித்த இறப்பர் வளையங்கள் வாக்காளரின் கைகளில் ஏறின. அலாஸ்காவின் ஆதிக்குடிகளது அமைப்புக்களும் அம்மையாருக்குத் துணைநின்றன.

முடிவு பலரையும் வியக்க வைத்தது. அவர் பெயரை எழுதியோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மில்லரைவிடப் பத்தாயிரத்துக்கும் அதிகமான வாக்குகள். எழுத்துப்பிழையுள்ள சீட்டுக்களைத் தள்ளுபடி செய்யவேண்டுமென்று மில்லர் வழக்காடினார். வாக்காளரின் கருத்துத் தெளிவாயின் பிழை பாராட்ட வேண்டியதில்லை என்று மாநில உயர்நீதிமன்றம் தீர்த்தது. தகராறுக்குள்ளான சீட்டுக்கள் யாவற்றையும் கழித்தாலும் அம்மையாரே முன்னணியில் நின்றார் என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

கட்சியின் தயவின்றி வென்றவர் கட்சிக்கு அஞ்சாதது இயல்பே. 2017 இல், முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தை நீக்கும் முயற்சியைத் தோற்கடித்த மூன்று குடியரசுக் கட்சியினருள் அவரும் ஒருவர். 2021 இல் டிரம்ப் மீதான குற்றவிசாரணையில் 'குற்றவாளி' என்று வாக்களித்த அக்கட்சியினர் எழுவரிலும் ஒருவர். அதற்காக மாநிலக் கட்சி அவரைக் கண்டித்தது. 2022 தேர்தலில் டிரம்ப் வேறொருவரை ஆதரித்தார். அத்தேர்தலில் அலாஸ்கா விருப்புவரிசை வாக்கு முறையைக் கையாண்டது. நம் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று குறிப்பதை ஒத்த முறை அது. எதிர்க்கட்சி ஆதரவாளர் பலரது அடுத்த விருப்பும் சேர, அம்மையார் மீண்டும் வென்றார்.

ஆனால் 2025 ஜூலை முதலாந் திகதி அவர் அளித்த வாக்கு, அவரைப் போற்றியோர் பலரை வருந்தச் செய்தது. ஏழைகளுக்கான மருத்துவ உதவியைக் குறைக்கும் பெரும் வரிச் சட்டமூலம் அது. அலாஸ்காவுக்குச் சில சலுகைகளைப் பெற்றுக்கொண்டு அவர் ஆதரித்தார். ஆதரவு 50, எதிர்ப்பு 50 என்று நின்றபோது உப ஜனாதிபதியின் வாக்கால் மசோதா நிறைவேறியது. அம்மையார் மறுத்திருந்தால் அது அங்கேயே வீழ்ந்திருக்கும். தம் மாநிலத்தைக் காத்தாரா, தேசத்தின் ஏழைகளைக் கைவிட்டாரா என்ற விவாதம் அமெரிக்காவில் எழுந்தது; நாம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறோம். அலாஸ்கா வாக்காளர் தம் தீர்ப்பைச் சொல்ல விரும்பினால், அவரது பதவிக்காலம் 2029 ஜனவரியில் முடிவடைகின்றது.