யாருக்கும் சொந்தமில்லாத இருக்கை



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பீடத்தைப் பற்றியோ நற்கருணைப் பேழையைப் பற்றியோ அல்ல, நாம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பற்றியே பேசப் போகிறோம். ஆலயத்தில் நம் உடல் அதிக நேரம் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் அதுதான். அதன் மேல் அமர்ந்து இறைவார்த்தையைக் கேட்கிறோம். அதன் முன்பலகையில் முழந்தாளிட்டுக் கடலுக்குப் போன மகனுக்காக மன்றாடுகிறோம். ஆனாலும் அது ஆடத் தொடங்கும் வரை அதை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெஞ்சு என்பது திருச்சபையோடு பிறந்த பொருள் அல்ல. முதல் ஆயிரம் ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே வழிபட்டார்கள். முதியவர்களும் நோயாளிகளும் அமர்வதற்குச் சுவரோரம் கல்திண்ணைகள் இருந்தன. நடுக்காலத்தின் பிற்பகுதியில்தான் மேலை நாட்டு ஆலயங்களில் மரப்பெஞ்சுகள் மெல்ல நுழைந்தன. பின்னர் மறையுரை நீண்டு, உட்கார்ந்து கேட்பது வழக்கமானபோது அவை எங்கும் பரவின. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் மக்கள் நின்றே வழிபடுகிறார்கள்.

நம் முத்துக்குளித்துறைக்கும் பெஞ்சு பின்னால் வந்ததே. 1542-இல் தூய சவேரியார் இக்கரைக்கு வந்தபோது நம் முன்னோர் மணலிலும் பாயிலும் அமர்ந்துதான் செபங்களைக் கற்றார்கள். போர்த்துக்கீசியரோடு வந்த மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகிய சொற்கள் நம் நாவில் ஒட்டிக்கொண்டன. இலங்கைத் தமிழர் பெஞ்சுக்கு இன்றும் சொல்லும் 'வாங்கு' என்ற சொல்லும் அந்த மொழியிலிருந்து வந்ததுதான். ஆகவே தரையில் பாய் விரித்து அமரும் பாட்டிமார் பெஞ்சு இல்லாதவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். இக்கரையின் மூத்த வழக்கத்தை அவர்கள் காத்து வருகிறார்கள். எத்தனை பெஞ்சு போட்டாலும் முன்புறத்தில் பாய்க்கு இடம் விட்டுத்தான் போட வேண்டும்.

அன்புக்குரியவர்களே, பெஞ்சு வந்ததும் அதனோடு ஒரு சோதனையும் வந்தது. 'இது என் இடம்' என்னும் சோதனை அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்களில் பெஞ்சுகள் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. சில பெஞ்சுகளுக்குக் கதவும் பூட்டும்கூட இருந்தன. பணம் கட்டியவர் முன்னே அமர்ந்தார், கட்ட முடியாதவர் பின்னே நின்றார். அது மேலை நாட்டுக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள், நடுவிலே ஒரு சுவர். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்காதபடி உட்கார வைக்கப்பட்டார்கள். அந்தச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. இடிப்பது எளிதாக நடக்கவில்லை. எதிர்ப்பும் கசப்பும் வந்தன. யார் எங்கே உட்காருவது என்பது எவ்வளவு ஆழமான கேள்வி என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி.

ஆண்டவர் இயேசுவுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். தொழுகைக்கூடங்களில் முதன்மை இருக்கைகளை விரும்பும் மறைநூல் அறிஞரைக் குறித்து எச்சரிக்கையாய் இருக்கும்படி மாற்கு நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் அவர் சொல்கிறார். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் போய் அமரும்படி லூக்கா 14-இல் கற்பிக்கிறார். தூய யாக்கோபு இன்னும் நேராகவே பேசுகிறார். பொன் மோதிரம் அணிந்தவர் சபைக்கு வந்தால் நல்ல இடம் காட்டுகிறீர்கள், அழுக்கு உடை அணிந்த ஏழை வந்தால் அங்கே நில் என்கிறீர்கள், இது முறையா என்று தம் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். அந்தக் கேள்வி ஆலயத்தின் இருக்கையைப் பற்றிய கேள்வியேதான்.

திருச்சபையின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1963-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, வழிபாட்டில் தனி ஆட்களுக்கோ வகுப்பினருக்கோ சிறப்பு மரியாதை செய்யலாகாது என்கிறது. அரசு அதிகாரிகளுக்கு உரிய மரியாதை அதற்கு விலக்கு. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளில் 311-ஆம் எண் பெஞ்சைப் பற்றியே பேசுகிறது. மக்கள் பார்க்கவும் கேட்கவும், நிற்கவும் அமரவும் முழந்தாளிடவும், தடையின்றி நற்கருணை வாங்கப் போகவும் வசதியாக இருக்கைகள் அமைய வேண்டும். தனி ஆட்களுக்கு இடம் ஒதுக்கி வைக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

பெஞ்சுகளைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. நல்ல மனத்தோடு சிலர் முன்வருகிறார்கள். 'சாமி, ஒரு பெஞ்சு நாங்க தாரோம், எங்க அப்பா பேரைப் பின்பலகையில எழுதிரணும்' என்கிறார்கள். அந்த அன்பை நாம் குறை சொல்லவில்லை. இறந்த தகப்பனை ஆலயத்தில் நினைவுகூர விரும்புவது பிள்ளையின் கடமை. ஆனால் பெயர் எழுதிய பலகையில் நாளை ஒரு புதியவர் வந்து அமரும்போது, தாம் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறோமோ என்று அவருக்குத் தோன்றக் கூடாது. கொடுத்தவர்களின் பெயர்களைப் பங்கு ஏட்டில் எழுதுவோம், திருப்பலியில் நினைவுகூர்வோம். பலகை பெயரின்றி இருக்கட்டும். அதில் யார் அமர்ந்தாலும் கொடுத்தவரின் புண்ணியம் குறைந்துவிடாது.

இனி, இருப்பதைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா? 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' மடல், பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டிக்கிறது. பழைய தேக்குப் பெஞ்சை விறகுக்குப் போட்டுவிட்டு, பளபளப்பாகப் புதிது வாங்கும் ஆசையும் அந்தப் பண்பாட்டைச் சேர்ந்ததே. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு, கரையான் அதை எளிதில் அண்டாது. பல ஆண்டுகள் உழைத்த தேக்குப் பலகை பெரும்பாலும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

முதலில் ஒவ்வொரு பெஞ்சையும் சோதிக்க வேண்டும். விரலால் தட்டிப் பார்த்தால் திடமான மரம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே உளுத்தது பொத்தென்று ஒலிக்கும். காலடியில் மாவு போலத் தூள் உதிர்ந்திருந்தால் வண்டு துளைக்கிறது என்று அறியலாம். சுவரிலிருந்து காலுக்கு மண்கோடு ஓடியிருந்தால் கரையான் வந்துவிட்டது. அதனால்தான் பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது. கால்மட்டும் உளுத்திருந்தால் காலை மட்டும் மாற்றலாம். அமரும் பலகையும் தாங்கும் சட்டமும் சேர்ந்து உளுத்திருந்தால்தான் புதிது தேவை.

ஆடுகிற பெஞ்சில் ஆணி அடிப்பது நாம் அடிக்கடி காணும் அவசர வைத்தியம். கடற்கரையில் இரும்பு ஆணி சில ஆண்டுகளில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கருகச் செய்து பிளக்கும். துளையும் முளையுமாகப் பொருத்திய மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டு இறுக்கிக் கட்டி ஒருநாள் விட வேண்டும். திருகாணி வேண்டுமென்றால் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடலாம். இதை நாம் ஆசாரிமாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளமும் தோணியும் கட்டிய ஓடாவிகளின் கரை இது. கலப்பத்து அடித்துக் கடலைத் தடுத்த கைகளுக்கு ஒரு பெஞ்சின் மூட்டு பெரிய காரியமா?

மேற்பூச்சு போடுமுன் உப்புத்தாளை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். அரக்குப் பாலிஷ் அழகு தரும், ஆனால் ஈரம் பட்டால் வெளுத்துப் போகும். நம் உப்புக்காற்றுக்கு வார்னிஷ் ஏற்றது. பஞ்சுமெத்தை வைத்துத் தைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஈரக்காற்றில் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், ரெக்சின் உறை வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும். வெறும் பலகையே நமக்கு நல்லது.

அளவையும் கவனிக்க வேண்டும். அமரும் உயரம் ஒன்றரை அடி அளவில் இருந்தால் முதியவர் எளிதில் எழுந்திருப்பார். இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஏறக்குறைய மூன்று அடி இருந்தால்தான் முழந்தாளிட முடியும். அதிகம் பேர் உட்கார வேண்டும் என்று நெருக்கிப் போட்டால் முழந்தாளிடும் வழக்கமே மறைந்துவிடும். சங்கு குளித்துச் சங்கு குளித்தே உடல் தேய்ந்த பெரியவர்கள் திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சாய்ந்து அமர முதுகுப் பலகை வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் கடைசியில் ஒதுங்கி நிற்காமல் எல்லாரோடும் இருக்க, நடுவரிசை ஒன்றில் ஒரு பெஞ்சைக் குட்டையாக்கி இடம் விடலாம்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, தூத்துக்குடி நகரின் பல தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. பக்கிள் ஓடை கடலில் கலக்கும் நம் பகுதிக்கு வெள்ளம் புதிதல்ல. மரச்சாமான் நீரில் நனைந்தால் உடனே வெயிலில் போடத் தோன்றும். அப்படிச் செய்தால் மேற்புறம் விரைவாகக் காய்ந்து பலகை வளையும், வெடிக்கும். சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில், தரையில் படாதபடி கட்டை வைத்து உயர்த்தி, காற்றோட்டத்தில் மெல்ல உலர விட வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகே பாலிஷ். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு மரத்தை அழிக்கும்.

இவையெல்லாம் ஆசாரியின் வேலை. நம் ஒவ்வொருவரின் வேலையும் உண்டு. சனிக்கிழமை ஆலயம் கழுவும்போது வாளியோடு தண்ணீரைக் கொட்டினால் பெஞ்சின் கால்தான் அதைக் குடிக்கிறது. பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். பிள்ளைகள் முழந்தாள் பலகையில் செருப்புக் காலோடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெழுகு சொட்டினால் உடனே கத்தியால் சுரண்டாமல், இறுகிய பின் மரத்துண்டால் மெல்ல எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தவக்காலத்துக்கு முன் ஒருமுறை திருகாணிகளை இறுக்கிப் பார்க்க அன்பியங்கள் முறைவைத்துக்கொள்ளலாம்.

திருச்சபைச் சட்டம் 1284, ஆலயச் சொத்தை நிர்வகிப்பவர் நல்ல குடும்பத் தலைவரைப் போலக் கவனம் காட்ட வேண்டும் என்கிறது. பொருள்கள் அழிந்து போகாமல் காப்பதும், வரவு செலவைச் சீராக எழுதுவதும் அதில் அடங்கும். ஆகவே பெஞ்சு வேலைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும், போகும் ஒவ்வொரு ரூபாயும் ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கப்பட வேண்டும். நூறு ரூபாய் கொடுத்த மீன்கார அம்மாவுக்கும் பத்தாயிரம் கொடுத்தவருக்கும் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை ஒன்றே.

அன்புக்குரியவர்களே, தன் வீட்டுக் கட்டிலைத் துடைப்பதில் பெரிய புண்ணியம் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு இருக்கையை, நாளை யார் வந்து அமர்வார் என்று தெரியாமலே துடைத்து வைப்பதுதான் அன்பு. வருகிறவர் கரையேறிய களைப்போடு வரலாம். கடன்காரனுக்கு ஒளிந்து வரலாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ஆலயத்துக்குள் கால் வைக்கலாம். அவர் கடைசி வரிசையில் தயங்கி நிற்கும்போது நாம் சற்றே நகர்ந்து, 'இங்கன இருங்க' என்று சொல்வோம். யாக்கோபு கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

தச்சராக உழைத்து மரத்தின் குணம் அறிந்த நம் ஆண்டவர் இயேசு, நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அவருடைய இல்லத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு என்பதை நம் ஆலயமும் சொல்லட்டும். ஆமென்.