எது அண்மை, எது சேய்மை?



பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டில், தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்களில் தவறாது எழும் வினா ஒன்று உண்டு: பிள்ளையை எவ்வளவு தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பலாம்? என் இல்லத்திலும் அவ்வினா எழுந்தது. “திருச்சி நம் ஊர்தானே? என் தாயாரும் அங்கே இருக்கிறார்கள்” என்றாள் என் மனைவி. “உங்களுக்கு அது ஊர், அம்மா, எனக்கு வெளியூர்” என்றாள் மகள். இருவர் கூற்றும் மெய்யே. ஆயினும், சேர்க்கை விதி மகளின் பக்கமே நிற்கிறது.

திருச்சிராப்பள்ளியில் 1964-இல் தொடங்கப்பெற்ற மண்டலப் பொறியியற் கல்லூரி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. இத்தகைய கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்க்கு உரியவை. மறு பாதி பிற மாநிலத்தார்க்கு. ஒருவர் எம்மாநிலத்தவர் என்பதைத் தாய்மொழியோ பூர்விகமோ முடிவு செய்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எம்மாநிலத்திலிருந்து தேறினாரோ, அதுவே அவர் மாநிலமாகக் கொள்ளப்படும். ஆகவே, தில்லியில் தேறிய தமிழ்ப் பெண் திருச்சியில் பிற மாநிலத்தவள். தில்லிக் கழகத்திலோ உள்ளூராள். இரு பிரிவுகளுக்கும் தரவரிசை தனித்தனியே முடிவுறுவதால், இவ்வேறுபாடு ஓர் இடத்தைத் தரவும் கூடும், தடுக்கவும் கூடும்.

எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் இவ்விதி பொருந்தாது. ஐ.ஐ.டி.களில் மாநிலப் பாகுபாடு இல்லை. மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களுள் நூற்றுக்கு 15 அகில இந்திய ஒதுக்கீட்டிற்கு உரியவை. எஞ்சியவற்றிற்குத் தகுதி யாதென அந்தந்த மாநிலமே வரையறுக்கிறது.

அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்கள் இதனை முன்னரே கருதுதல் நலம். பதினோராம் வகுப்பில் பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதா, பழைய பள்ளியிலேயே விட்டுச் செல்வதா என்று முடிவு செய்யும்போதே, கல்லூரி வாயிலும் ஓரளவு முடிவாகிவிடுகிறது. அந்நாளில் நாம் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் எண்ணுகிறோம், இதனை எண்ணுவதில்லை.

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இரயில் வழி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர்; திருச்சி அதற்கும் அப்பால். பெற்றோர்க்கு அது வீடு திரும்பும் வழி. பிள்ளைக்கோ வீட்டை விட்டுப் புறப்படும் வழி. இதனை உணராமல், “நம் ஊர்தானே” என்று அனுப்பிவிட்டு, அவள் தனிமையால் வாடும்போது வியப்பதில் பயனில்லை.

என் மகள் எழுதிய விருப்பப் பட்டியலில் திருச்சியும் இடம்பெற்றுள்ளது. பாட்டி வீடு அருகிலுள்ளது என்பதற்காக அன்று. அவள் விரும்பும் பாடம் அங்கே உள்ளது என்பதற்காக. வெளியூர் என்று அறிந்தே அவள் விரும்பினாள். நாங்களும் அவ்வாறே எண்ணி இசைந்தோம்.