நூறாண்டுச் சூரியனை வரி வரியாகப் படிப்பது எப்படி?

கொடைக்கானல் போனால் ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை... இந்த வரிசையில் பலரும் தவறவிடும் இடம் சூரிய வானியல் நிலையம். 1899-ல் சென்னையிலிருந்து மலையேறி வந்த ஆய்வுப்பணி இது. 1904 தொடங்கி, மேகம் வழிவிட்ட நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக மாற்றியிருக்கிறது.

1921 முதல் 2011 வரையிலான படங்களில் உள்ள சூரியப் புள்ளிகளின் பரப்பை ஆய்வாளர்கள் கணினியால் அளந்து, 2017-ல் வெளியிட்டார்கள். தேதி, இடம், பரப்பு என்று வரிக்கு வரி எண்கள் போகும் இப்படிப்பட்ட பட்டியலை எளிய டெக்ஸ்ட் ஃபைலாகவே வைத்துக்கொள்ளலாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஐம்பது வருஷம் கழித்தும் திறக்கும்.

திறப்பது சுலபம், படிப்பதில்தான் சூட்சுமம். ஒவ்வோர் எழுத்துக்கும் டிஸ்க்கைப் போய்க் கேட்டால், வத்தலக்குண்டிலிருந்து ஒரே ஒரு பயணியோடு பஸ் மலையேறி, அடுத்தவரை அழைத்துவரத் திரும்பவும் இறங்குவது போல ஆகிவிடும். மொத்த ஃபைலையும் ஒரே மூச்சில் ஏற்றலாம்தான். சின்ன ஃபைல் என்றால் அதுவே நல்லது. பல ஜி.பி. ஃபைல் என்றால் மாணவரின் லேப்டாப் திணறி நின்றுவிடும்.

அதனால் மொழிகளின் நூலகங்களை வடிவமைப்பவர்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். ஒரு கொத்து பைட்டுகளை மொத்தமாக எடுத்து 'பஃபர்' என்ற தற்காலிக இடத்தில் கொட்டி, அங்கிருந்து வரி வரியாகக் கொடுப்பது. பைத்தானில் 8,192 பைட் என்பது நெடுங்கால வழக்கம். ஃபைலைத் திறந்து ஒரு 'ஃபார்' லூப் போட்டாலே இது பின்னால் தானாக நடக்கும். எழுதுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால், கொத்து முடியும் இடத்தில் வரியும் முடியும் என்று யார் சொன்னது? 1947 ஏப்ரலில் தெரிந்த ராட்சதப் புள்ளிக் கூட்டத்தின் பரப்பு, கிரீன்விச் கணக்கில் 6132. சூரியனின் அரைக்கோளத்தைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அத்தனை பங்கு. '61' ஒரு கொத்திலும் '32' அடுத்த கொத்திலும் விழுந்து, நூலகம் அவற்றை ஒட்ட மறந்தால் அந்த ராட்சதன் ஒரு சாதாரணப் புள்ளியாகச் சுருங்கிவிடுவான். புரோகிராம் நிற்காது, எச்சரிக்கையும் வராது. வரைபடம் மட்டும் பொய் சொல்லும். வேகத்தைவிட இந்த இடம்தான் பயப்பட வேண்டிய இடம். நல்ல நூலகம், வரி முடிவுக் குறி வரும்வரை மிச்சத்தைக் கையிலேயே வைத்திருக்கும்.

விண்டோஸில் உருவான ஃபைல் என்றால் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. அந்தக் கூடுதல் குறி கடைசி எண்ணோடு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு படுத்தும் பாடு தனிக்கதை.

தமிழ் ஃபைலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கொ' என்பது 'க' ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று, ஆக 6 பைட். 8,192-ஐ மூன்றால் வகுத்தால் 2 மீதி. இடைவெளிகூட விடாமல் முழுக்கத் தமிழிலேயே எழுதிய ஃபைலிலும், முதல் கொத்தின் கடைசிக் குறி இரண்டு பைட்டோடு அந்தரத்தில் நிற்கும். அதை உடனே எழுத்தாக்கினால் திரையில் கேள்விக்குறிக் கட்டம்தான் வரும். பைத்தான் அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாவது பைட் வரும்வரை காத்திருக்கிறது.