விதி உணவுக்கா, உண்பவனுக்கா?

ஒரு சமுதாயத்தை அறிய அதன் கோயிலைப் பார்த்தால் மட்டும் போதாது. அதன் அடுக்களையையும் பார்க்க வேண்டும். எதை உண்பர், எதை விலக்குவர், யாரோடு அமர்ந்து உண்பர் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அச்சமுதாயத்தின் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். உணவுக் கட்டுப்பாடுகளுக்குப் பெயர் பெற்ற யூதர்களின் உணவுக் கடைகளை எடுத்துக்கொண்டு, இக்கேள்விகளை இங்கே ஆராய விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வறுமையாலும் கலவரங்களாலும் கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதர்கள் பல்லாயிரக்கணக்கில் அமெரிக்கா சென்றனர். நியூயார்க் நகரில் அவர்கள் வைத்த இறைச்சி உணவுக் கடைகளுக்கு 'டெலி' என்று பெயர். மாட்டிறைச்சியை உப்பு நீரில் ஊறவைத்து, மசாலா தடவி, புகையில் வாட்டி, ஆவியில் வேகவைத்து மெல்லிய துண்டுகளாக அரிவார்கள். 'பஸ்ட்ராமி' எனப்படும் அதனை ரொட்டிக்கு நடுவில் வைத்து, ஊறவைத்த வெள்ளரிக்காயுடன் பரிமாறுவார்கள். 1888-ல் தோன்றிய 'காட்ஸ்' என்னும் கடை இன்றும் அங்கே நடக்கிறது. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு தருவார்கள். வாங்கியவற்றை அதில் குறித்து, வெளியேறும்போது கணக்குத் தீர்க்க வேண்டும். ஏழைக் குடியேறிகளின் பசிக்குப் பிறந்த உணவு, இன்று அந்நகரத்தார் அனைவருக்கும் பொதுவான உணவாகிவிட்டது.

யூதர்களின் உணவு விதிக்குக் 'கோஷர்' என்று பெயர். பன்றி இறைச்சி கூடாது. செதிலும் துடுப்பும் இல்லாத மீன் கூடாது. ஆகவே இறாலும் நண்டும் விலக்கு. விலங்கை முறைப்படி அறுத்து, இரத்தத்தை நீக்கிய பிறகே சமைக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்த்து உண்ணலாகாது. இரண்டுக்கும் பாத்திரங்கள்கூட வெவ்வேறு. கறிக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒன்றும் புதுமையன்று.

நாமக்கல் பகுதி நண்பர்களுக்கு ஒரு சுவையான செய்தி: கோஷர் விதிப்படி முட்டை இறைச்சியிலும் சேராது, பாலிலும் சேராது. இரண்டோடும் உண்ணத்தக்க நடுநிலைப் பொருள் அது. ஆயினும் முட்டையை உடைத்துப் பார்த்து, இரத்தப் புள்ளி இருந்தால் ஒதுக்கிவிடுவர். முட்டை சைவமா, அசைவமா என்று நாம் விடுதியில் நடத்தும் பட்டிமன்றத்துக்கு அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

நம் நாட்டில் இத்தகைய கடையைக் காணக் கொல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். அங்கே 'நியூ மார்க்கெட்' எனப்படும் பழைய அங்காடியில் 'நாகூம் அண்ட் சன்ஸ்' என்னும் அடுமனை உள்ளது. பாக்தாத் வழி வந்த யூதரான நாகூம் இஸ்ரேல் மோர்டெகாய் என்பவர் 1902-ல் தொடங்கிய வணிகம் அது. 1916 முதல் அந்த அங்காடியில் இருந்து வருகிறது. ஒரு காலத்தில் சில ஆயிரம் யூதர்கள் வாழ்ந்த அந்நகரில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே உள்ளனர். பெரும்பாலோர் இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். கடையைப் பல்லாண்டு நடத்திய டேவிட் நாகூம் 2013-ல் காலமானார். ஆனாலும் கடை மூடப்படவில்லை.

துறையின் கல்விச் சுற்றுலாவில் அங்கு சென்றபோது, நானும் ஒரு வாடிக்கையாளனாக அக்கடையில் நின்றேன். பழைய மரச் சட்டங்களும் கண்ணாடிப் பெட்டிகளும், அவற்றுள் பிளம் கேக்கும், பாலாடைக்கட்டி பொதிந்த 'சம்பூசக்'கும் இருந்தன. நம் சமோசாவுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். எனக்கு முன்னால் ஒரு வங்காளி முதியவர் பேரக் குழந்தைகளுக்குக் கேக் வாங்கினார். அடுத்துப் பர்தா அணிந்த ஓர் அம்மையார். பின்னால் நாங்கள் ஐந்து தமிழ் மாணவர்கள். கல்லாவில் இருந்தவர் எங்களை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை; "எத்தனை?" என்று மட்டுமே கேட்டார்.

கிறிஸ்துமஸ் காலத்தில் அக்கடையின் வாயிலில் நீண்ட வரிசை நிற்கும். யூதர் கடையில், கிறிஸ்தவர் பண்டிகைக்கு, இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்று கேக் வாங்குகிறார்கள். அந்நகரின் யூதத் தொழுகைக் கூடங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருபவர்களும் முஸ்லிம்களே. சொந்தச் சமுதாயம் அருகிய பின்னும் அக்கடை வாழ்கிறதென்றால், அதை வாழவைப்பவர்கள் பிறரே.

இங்குதான் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கோஷர் விதி மிகக் கடுமையானது. சமைப்பவர் பற்றியும், திராட்சை மதுவைக் கையாள்பவர் பற்றியும்கூட அதில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் கடையில் வந்து அமர்ந்து உண்பவன் யார் என்று அந்த விதி கேட்பதில்லை. அது தட்டில் இருப்பதைப் பார்க்கிறது. தட்டின் முன்னால் இருப்பவனைப் பார்ப்பதில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? ஓட்டல்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்கு வேறு இடம் என்ற வழக்கம் இருந்தது. கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை இருந்தது. தேநீர் ஒன்றே, பாலும் ஒன்றே; குவளை மட்டும் இரண்டு! அங்கே விதி உணவுக்கன்று, உண்பவனுக்கே. இத்தகைய வேற்றுமைகளை எதிர்த்த இயக்கம், 1944-ல் நம் சேலம் மாநகரில் கூடிய மாநாட்டில்தான் 'திராவிடர் கழகம்' என்னும் பெயர் பெற்றது. 1957-ல் சென்னையில் ஓர் ஓட்டலின் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்து அக்கழகம் மறியல் நடத்தியது. அச்சொல் உணவின் தூய்மையைக் குறிப்பதே என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் 'சைவம்' என்று எழுதினாலே உணவு விளங்கிவிடுமே. சாதியின் பெயர் எதற்கு?

கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மதம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. தீண்டாமையை 17-ஆம் பிரிவு ஒழித்தது. சட்டம் இருக்கிறது; அதைக் கடையில் நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாமே. ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவருக்குக் காகிதக் குவளையும் நீட்டப்பட்டால், பெயர் மாறியதே தவிர முறை மாறவில்லை என்று உணர வேண்டும்.

உணவைப் பற்றிய கட்டுப்பாடு ஒருவரது நம்பிக்கை, அதை மதிப்போம். புரட்டாசியில் அசைவம் தவிர்ப்பவரையும், ஆண்டு முழுதும் தவிர்ப்பவரையும், எப்போதும் தவிர்க்காதவரையும் மதிப்போம். ஆனால் உண்பவனைப் பற்றிய கட்டுப்பாட்டுக்கு எந்தப் பந்தியிலும் இலை போடாதிருப்போம்.