சேவைக் கழகத்தில் ஆண் பெண் கணக்கு எதற்கு?

சலாலாவில் இருந்துகொண்டு தொலைபேசியில் பிள்ளை வளர்க்கிற பெற்றோர் எங்களில் பலர். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் படிக்கிற மகள் ஒருநாள், "நான் ஒரு ஃபிரட்டர்னிட்டியில சேர்ந்திட்டன்" என்று சொன்னால் வீட்டில் பெரிய கலவரமே நடக்கும். ஆங்கிலப் படங்களில் பார்த்த குடியும் கூத்தும் நினைவுக்கு வரும். அது ஆண் பிள்ளைகளின் சங்கமல்லவா, இவளுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வியும் வரும். பதறுவதற்கு முன் விடயத்தை விளங்கிக்கொள்வது நல்லது.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் எல்லாம் ஒரே வகையல்ல. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, விருந்தும் கொண்டாட்டமும் நடத்துபவை சமூக சங்கங்கள். ஆண்களுடையது ஃபிரட்டர்னிட்டி, பெண்களுடையது சொரோரிட்டி. இரத்ததானம், முதியோர் உதவி, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல் போன்ற வேலைகளுக்காகவே அமைந்தவை சேவைச் சங்கங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம்.

சேவைச் சங்கங்களில் பெரியது அல்பா ஃபை ஒமேகா. 1925 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் ஃபிராங்க் ரீட் ஹோர்ட்டன் என்பவர் தொடங்கினார். சாரணர் இயக்கத்தின் கொள்கையே அதன் அடிப்படை. அதனால் ஐம்பது வருடங்கள் ஆண்கள் மட்டுமே அங்கத்தவர்கள். சேவை செய்ய விரும்பிய பெண்கள் தனியாக ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. 1952இல் நியூயோர்க்கில் உருவான காமா சிக்மா சிக்மா அப்படிப்பட்டது.

1972இல் அமெரிக்கா 'தலைப்பு ஒன்பது' என்ற கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசின் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். 1974இல் ஒரு விலக்குச் சேர்க்கப்பட்டது. அங்கத்தவர்கள் பெரும்பாலும் உயர்கல்வி மாணவர்களாக இருக்கிற, வருமானவரிச் சட்டத்தின் 501ஆம் பிரிவில் வரிவிலக்குப் பெற்ற சமூக ஃபிரட்டர்னிட்டிகளும் சொரோரிட்டிகளும் ஆண் மட்டும், பெண் மட்டும் என்று இருக்கலாம். சாரணர் இயக்கங்களுக்கும் அந்த விலக்கு உண்டு. கல்லூரியிலுள்ள சேவைச் சங்கங்களுக்கும் தொழில்சார் சங்கங்களுக்கும் இல்லை.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்கள் யாரோடு வாழ்வது என்று தெரிவு செய்யலாம். ஆனால் இரத்ததான முகாமுக்குக் கதிரை அடுக்குவதற்கு ஆண் என்ன, பெண் என்ன? சேவைச் சங்கத்தில் சேரும் மாணவருக்குத் தலைமைப் பழக்கமும் சான்றிதழும் நாலு பேரின் அறிமுகமும் கிடைக்கின்றன. கதவைச் சாத்தினால் பாதி மாணவர்களுக்கு அவை கிடைக்காமல் போகும்.

அல்பா ஃபை ஒமேகா 1976இல் தன் தேசிய மாநாட்டில் பெண்களை முழு அங்கத்தவர்களாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஏற்கெனவே ஆண்களை மட்டும் வைத்திருந்த சில கிளைகள் அப்படியே தொடர விடப்பட்டன. எல்லாக் கிளைகளும் பெண்களைச் சேர்த்தேயாக வேண்டும் என்ற தீர்மானம் 2006 மாநாட்டில்தான் வந்தது. யாப்பைத் திருத்தியதற்கும் கடைசிக் கதவு திறந்ததற்கும் இடையில் முப்பது வருடங்கள்! பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அது ஃபிரட்டர்னிட்டிதான். பெண் அங்கத்தவர்களும் அங்கே 'சகோதரர்'தான். மகள் சொன்னது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்.

வளைகுடாவில் எங்களோடு வேலை செய்கிற பிலிப்பினோக்களைக் கேட்டால் இந்தச் சங்கத்தின் இன்னொரு வடிவத்தைச் சொல்வார்கள். 1950இல் மணிலாவின் ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அது கால்வைத்தது. அங்கே ஒரே பெயரின்கீழ் ஆண்களுக்கு ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொரோரிட்டி என்று இரண்டாக இயங்குகிறது. ஒரே கொள்கை, நாட்டுக்கு நாடு வேறு ஒழுங்கு.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எங்களுக்குப் பழக்கமான றோட்டரியின் கதையும் இதேதான். 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே கழகம் மூன்று பெண்களைச் சேர்த்தது. அடுத்த வருடம் தலைமையகம் அந்தக் கழகத்தையே நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1987இல் கழகத்தின் பக்கம் தீர்ப்பானது. 1989இல் உலகம் முழுவதும் விதி மாறியது.

இப்போது எங்கள் சங்கங்களைப் பார்ப்போம். புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை என்று எத்தனையோ இருக்கின்றன. பெண்கள் சேரக்கூடாது என்று யாப்பில் எழுதிவைத்த சங்கம் குறைவு. ஆனால் 'குடும்ப அங்கத்துவம்' என்ற ஒரு வரி பல இடங்களில் உண்டு. சந்தாப் பற்றுச்சீட்டு கணவன் பெயரில். பதிவேட்டில் கணவன் பெயர். பொதுக்கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதையும் அவரே போடுகிறார். மனைவி சமையலையும் கலைவிழாவையும் கவனிக்கிறார். வருட இறுதிக் கணக்கை வாசிக்கும்போது அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறதா என்பது யாருக்கும் தெளிவில்லை. இப்படியான சங்கத்தில் எங்கள் மகள்மார் வந்து சேரவில்லை என்று கவலைப்படுகிறோம்.

ஆகவே பிள்ளை ஒரு சங்கத்தில் சேர்ந்தால் மூன்றைக் கேளுங்கள். அது சமூக சங்கமா, சேவைச் சங்கமா? அங்கத்துவ விதியில் என்ன எழுதியிருக்கிறது? தலைவர், பொருளாளர் பதவிக்கு மகளும் போட்டியிடலாமா? புதியவர்களை வதைக்கிற வழக்கம் அங்கே உண்டா என்பதையும் கூடவே விசாரியுங்கள். அமெரிக்கச் சட்டம் கனடாவிலோ பிரித்தானியாவிலோ செல்லாது. அந்தந்த நாட்டு விதியை அங்குள்ள பல்கலைக்கழகத்திடம் கேட்டறியலாம்.

அதே கேள்விகளை அடுத்த பொதுக்கூட்டத்தில் எங்கள் சங்கத்திடமும் கேட்போம். 'ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு' என்பதை 'பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு' என்று மாற்ற ஒரு தீர்மானம் போதும். அதன்பிறகு பதிவேட்டில் பெண்களின் பெயரை அவரவர் பெயராகவே எழுதவேண்டும். அந்த இரண்டாவது வேலையைத் தள்ளிப்போட்டால் எங்களுக்கும் முப்பது வருடம் ஆகும்.