யானைக்காலும் சேற்றுப்புண்ணும்

யானைக்கால் வியாதிக்குக் கொசுவே காரணம் என்பது கும்பகோணத்திலும் கடலூரிலும் சிறுபிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் ஏற்கெனவே வீங்கிய கால் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போவதற்கு, கொசுவைக் காட்டிலும் விரலிடுக்கிலுள்ள சேற்றுப்புண்ணே பெரிய காரணம் என்பதை அறிந்தவர்கள் சொற்பம்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் திரவத்தில் ஒரு பகுதியைத் திரட்டி மீண்டும் இரத்தத்தோடு சேர்ப்பது நிணநீர் நாளங்களின் தொழில். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவின் வழியே சரீரத்தில் புகும் நூல்போன்ற புழு, இந்த நாளங்களிலேயே குடியேறி, ஆறு முதல் எட்டு வருஷம் வரை ஜீவித்து, அவற்றை விரியச்செய்து பழுதாக்கிவிடுகிறது. கொசுவுக்கும் இப்புழுவுக்கும் உள்ள சம்பந்தத்தை 1877இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் கண்டறிந்தார். இந்தியாவில் 2004 முதல் ஊர்தோறும் வழங்கப்பட்டுவந்த டி.இ.சி. மாத்திரை, இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளை அழித்து வியாதி பரவுவதைத் தடுக்கும். கெட்டுப்போன நாளத்தைச் சீராக்கும் சக்தி அதற்கு இல்லை.

வடிய வழியின்றி நிணநீர் தேங்கிய காலில், சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சிறு கீறல் ஆகியவற்றின் மூலம் பாக்டீரியாக்கள் புகுந்தால், நெறிகட்டிக் குளிர்ஜுரம் காய்கிறது. அவ்வாறு காயுந்தோறும் தோல் தடித்துக் கால் இன்னும் கனக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவர் இதை வற்புறுத்தி, கால் கழுவுதலையே சிகிச்சையின் மையமாக்கினார். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரும் பெட்டகத்தில் தொட்டியும் குவளையும் சோப்பும் துவாலையும் களிம்பும் இருப்பதைக் கண்டு, இதற்கா ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சலிப்பு நியாயமானதே ஆயினும், உண்மையான வைத்தியம் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

தினந்தோறும் சோப்பிட்டு, விரலிடுக்கும் தோல்மடிப்பும் விடாமல் மெல்லக் கழுவவேண்டும். அதனினும் முக்கியம், ஈரமின்றி ஒற்றியெடுப்பது. இருதய நோய் இல்லாதவர்கள் காலை உயர்த்தி வைத்துப் படுக்கலாம். பகலில் மருத்துவர் சொன்னபடி துணிக்கட்டோ அழுத்தக் காலுறையோ அணியலாம். ஜுரம் கண்டால் கட்டை அவிழ்த்து, காலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, ஓய்வெடுத்து, தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும். நீர் இறங்கட்டும் என்று குத்தியோ கீறியோ விடுவது ஆபத்து. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியபின் கை வீங்கும் பெண்களும், சமையலறைக் கத்தி கீறாமலும் அடுப்பு சுடாமலும் தோலைக் காத்துக்கொள்வது அவசியம்.

இரவில் வடிந்துவிடும் ஆரம்ப வீக்கத்தை இவ்விதம் மட்டுப்படுத்தலாம். முற்றிய கால் பழைய உருவை அடைவதில்லை, ஆனால் அடிக்கடி படுக்கையில் தள்ளி, கூலியையும் கெடுத்த ஜுரம் வெகுவாகக் குறைந்துபோகிறது.